முப்பத்து மூன்றாவது கேள்வி

ஏப்ரல் 3

உப்பைக் குறைக்க வேண்டும், கோபத்தைக் குறைக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லி ஒரு மாதம் ஆகிறது. உப்பைக் குறைத்தாயிற்று. வீட்டில் சாம்பாரை வாயில் வைக்க முடியவில்லை. கோபம் வந்தால் யாரிடமும் காட்டாமல் எழுதிவிடுங்கள் என்றார். இருபது வருடமாகக் கரும்பலகையில் எழுதுகிறவளுக்கு இந்த நோட்டிலா எழுதத் தெரியாது? எழுதுகிறேன். குறைகிறதா என்று பார்ப்போம்.

விடைத்தாள் திருத்தும் முகாமுக்கு ஆணை வந்துவிட்டது. நாளை மறுநாள் முதல் தினமும் கோவில்பட்டியிலிருந்து தூத்துக்குடிக்குப் பஸ். இந்த வருடம் என் மகள் சுடர்க்கொடியும் பிளஸ் டூ எழுதியிருக்கிறாள். அதை முன்கூட்டியே முகாமில் எழுதிக் கொடுத்துவிட்டேன். வருவதெல்லாம் வேறு மாவட்டத்துத் தாள், அதுவும் பெயரும் பதிவெண்ணும் மறைத்தது, ஆகவே நீங்கள் தாராளமாக வரலாம் என்று சொல்லிவிட்டார்கள்.

சுடர் வேதியியல் தேர்வு எழுதிவிட்டு வந்த நாளிலிருந்து சரியாகப் பேசுவதில்லை. பரீட்சைக் களைப்பு. அன்று சாயங்காலம் அவள் கொண்டுவந்த கேள்வித்தாளைப் பார்த்து நான் கொஞ்சம் சத்தம் போட்டது உண்மைதான். அவளைப் பார்த்து இல்லை, கேள்வியைப் பார்த்து. முப்பத்து மூன்றாவது கேள்வி. மூன்று மதிப்பெண். விட்டுவிட முடியாது, கட்டாயம் எழுத வேண்டியது.

‘M என்னும் தனிமம் M²⁺ அயனியைத் தருகிறது. அது தனிம வரிசை அட்டவணையில் எந்தத் தொகுதியைச் சேர்ந்தது? காரணம் கூறுக.’

“இத மட்டும் வச்சுத் தொகுதியச் சொல்ல முடியாதுன்னு எழுதுறவதான் படிச்ச புள்ள. ரெண்டாம் தொகுதின்னு எழுதினவ எவளா இருந்தாலும் என் கிளாஸ்ல உக்கார லாயக்கில்ல” என்று கத்தினேன். சுடர் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பாதித் தட்டோடு எழுந்து போய்விட்டாள். அம்மா சொல்லிக் கொடுத்ததை எழுதிவிட்டு, திருத்துகிறவர்கள் மதிப்பெண் போடுவார்களோ மாட்டார்களோ என்று பயப்படுகிறாள், பாவம். போடாமல் எங்கே போய்விடுவார்கள்? விடைக்குறிப்பு தயாரிக்கிறவர்களும் வேதியியல் படித்தவர்கள்தானே.

ஏப்ரல் 5

வேதியியல் படித்தவர்களாம்!

காலையில் விடைக்குறிப்பைக் கையில் கொடுத்தார்கள். முப்பத்து மூன்றுக்கு நேராக: ‘இரண்டாம் தொகுதி. இரண்டு எலக்ட்ரான்களை இழந்து M²⁺ ஆவதால் இது காரமண் உலோகம்.’ அவ்வளவுதான். விற்பனைக்குக் கிடைக்கும் ஏதோ ஒரு கைடிலிருந்து எழுத்து மாறாமல் எடுத்துப் போட்டிருக்கிறார்கள். ஒன்று கூட்டல் என்றால் முதல் தொகுதி, இரண்டு கூட்டல் என்றால் இரண்டாம் தொகுதி என்று பிள்ளைகள் மனப்பாடம் செய்வதற்கு அதில் கட்டம் போட்டுக் கொடுத்திருப்பார்கள்.

மின்சுமை என்பது என்ன? ஒரு தனிமம் எத்தனை எலக்ட்ரானைக் கொடுத்தது, எத்தனை வாங்கியது என்கிற கணக்கு. கால்சியம் இரண்டு கொடுக்கும், மெக்னீசியம் இரண்டு கொடுக்கும். இரண்டும் இரண்டாம் தொகுதி, சரி. துத்தநாகமும் இரண்டு கொடுக்கும். அது பன்னிரண்டாம் தொகுதி. தாமிரம் பதினொன்று, இரும்பு எட்டு, காரீயம் பதினான்கு. எல்லாம் இரண்டு கொடுக்கிற சாதிதான். கல்யாண வீட்டில் ஒரே தொகை மொய் எழுதினவர்கள் எல்லாம் ஒரே தெருக்காரர்களா? கேள்வியில் ‘d தொகுதித் தனிமம் அல்லாத, எப்போதும் இந்த ஒரே மின்சுமையைத் தருகிற’ என்று ஒரு வரி சேர்த்திருந்தால் எனக்கு ஒரு பேச்சும் இல்லை. சேர்க்கவில்லையே.

எங்கள் குழுவுக்கு முதன்மைத் தேர்வாளர் தளவாய் சார். அடுத்த வருடம் ஓய்வு பெறுகிறார். குரலை உயர்த்தியே பேசமாட்டார், அதுவே எனக்கு எரிச்சல். அவரிடம் போய் நின்றேன்.

“சார், இது தப்பு.”

“எது டீச்சர்?”

“முப்பத்து மூணு. சரியா எழுதுன புள்ளைக்கு சைபர் போடச் சொல்லுது இந்த ஆன்சர் கீ.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “டீச்சர், நாம சரி தப்பு பாக்கவா வந்திருக்கோம்? திருத்த வந்திருக்கோம்.”

இந்த வாக்கியத்தை அப்படியே எழுதி வைக்கிறேன். பிற்காலத்தில் நான் இட்டுக்கட்டிச் சொல்கிறேன் என்று யாரும் சொல்லக்கூடாது.

ஏப்ரல் 6

இன்று எனக்கு வந்த விடைத்தாள் கட்டுக்குள் ஒரு தாள். எந்த ஊர்ப் பிள்ளையோ, எழுத்து கோணல்மாணல். ‘கொடுக்கப்பட்ட விவரம் போதாது. Zn, Fe, Cu ஆகியனவும் M²⁺ தரும்’ என்று எழுதியிருந்தது. எனக்கு எழுந்து நின்று கைதட்டலாம் போல இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து திருத்தும் ரெக்சலின் டீச்சரிடம் காட்டினேன். மணப்பாட்டுப் பக்கம் வேலை பார்க்கிறவர், நல்ல மாதிரி.

“அருமையா எழுதிருக்கு. முட்டை போடுங்க” என்றார்.

“மனசாட்சி இல்லையா டீச்சர்?”

“எனக்கு இருக்கு. கீ-க்கு இல்லையே. நீங்க மூணு போட்டா மறுபடி சரிபாக்குறவரு சிவப்பு மைய அடிச்சிட்டுப் பச்சையில சைபர் போடுவாரு. ஒங்க கிட்ட விளக்கமும் கேப்பாங்க. எனக்கும் வகுத்தெரிச்சலாத்தான் இருக்கு.”

மூன்றும் போடவில்லை, சைபரும் போடவில்லை. மதிப்பெண் எழுதும் அந்தக் கட்டத்தை வெறுமனே விட்டேன்.

ஏப்ரல் 7

பஸ்ஸில் இடம் இல்லை. எட்டயபுரம் வரை நின்றுகொண்டே போனேன். வீட்டில் மிக்சி ரிப்பேர். தேங்காய்ச் சட்னியை அம்மியில் அரைத்தேன், அதனால் கோபம் கொஞ்சம் தணிந்தது. டாக்டர் இதைச் சொல்லியிருக்கலாம்.

சுடருக்கு இட்லி எடுத்து வைத்துவிட்டு வந்தேன். சாயங்காலம் வந்து பார்த்தால் அப்படியே இருக்கிறது.

ஏப்ரல் 8

கட்டத்தை வெறுமனே விட்டால் கூட்டல் போட முடியாது. கூட்டல் போடாமல் கட்டை ஒப்படைக்க முடியாது. என் மேசையில் கட்டுகள் சேர்ந்துவிட்டன. தளவாய் சார் வந்தார். அவருக்குப் பின்னால் எல்லாத் தலைகளும் நிமிர்ந்தன.

“டீச்சர், ஏன் இப்டி அடம் பிடிக்குதீங்க? மேல எனக்கு வசவு விழுது.”

“கீ-ய மாத்தச் சொல்லுங்க சார், இப்பவே முடிச்சுத் தாறேன்.”

அவர் குரலை இன்னும் தாழ்த்தினார். “தப்பா நெனைக்காதீங்க. ஒங்க பொண்ணும் இந்த வருசம் எழுதிருக்குல்லா?”

எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. “எழுதிருக்கா. அதுக்கு?”

“இல்ல, நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்க.”

“பேசட்டும். என் பொண்ணு எழுதலன்னா துத்தநாகம் ரெண்டாம் தொகுதிக்குப் போயிருமா சார்?”

சட்டென்று சொல்லிவிட்டேன். ஆனால் மத்தியானம் சோறு இறங்கவில்லை. இத்தனை வருடச் சர்வீஸில் ஒரு பிள்ளைக்கு ஒரு மதிப்பெண் கூட்டிப் போட்டவள் இல்லை நான். என்னைப் பார்த்து இந்தக் கேள்வி!

நான் நிற்பது தமிழ்நாடு முழுக்க இந்தத் தேர்வை எழுதிய பிள்ளைகளுக்காக. சுடருக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. வேதியியலில் மூன்று குறைந்தால் கால்நடை மருத்துவத்துக்கு அவளுடைய கட் ஆஃப் எவ்வளவு இறங்கும் என்று பஸ்ஸில் வரும்போது கணக்குப் போட்டுப் பார்த்தேன். சும்மாதான். போன வருடத்துக் கடைசி இடத்தோடும் ஒப்பிட்டுப் பார்த்தேன். அதுவும் சும்மாதான். மயிரிழையில் இருக்கிறது.

ஏப்ரல் 9

மாத்திரை போட மறந்துவிட்டேன். முகாமில் மூன்று பேர் என்னிடம் பேசவில்லை.

ஏப்ரல் 10

இன்று மத்தியானம் நடந்ததை வரிசையாக எழுத வேண்டும்.

சாப்பாட்டு நேரத்தில் வேப்பமரத்தடியில் எல்லாரும் டிபன் பாக்ஸோடு உட்கார்ந்திருந்தோம். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை நாள் ஏன் உறைக்கவில்லை என்று என் மேலேயே கோபம் வந்தது. எழுந்து நின்றேன்.

“எல்லாரும் ஒரு நிமிஷம் கேளுங்க. பிப்ரவரி மாசம் பிராக்டிகல் நடத்தினோமா இல்லையா? புள்ளைங்க பிப்பெட்ல என்ன எடுத்தாங்க?”

“பெர்ரஸ் சல்பேட்” என்றார் யாரோ.

“பெர்ரஸ்னா?”

“இரும்பு.”

“அதோட மின்சுமை?”

எல்லாருக்கும் தெரியும். இரண்டு கூட்டல். இரும்பு எட்டாம் தொகுதி. இதே பிள்ளைகள், இதே தேர்வில், ஒரு மாதம் முன்னால் தங்கள் கையாலே அந்த இரும்பைப் பர்மாங்கனேட்டோடு தரம் பார்த்து, இளஞ்சிவப்பு நிறம் வந்ததும் நிறுத்தி, மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறார்கள். அங்கே இரண்டு கூட்டல் உள்ள இரும்புக்கு மதிப்பெண். இங்கே அதே இரும்பை எழுதினால் முட்டை.

“நாமதான் அந்தக் கரைசலக் கலக்கி வச்சோம். இப்ப அப்டி ஒரு அயனியே கெடையாதுன்னு திருத்துறோம். சோத்துல உப்புப் போட்டுத்தான திங்கோம்?” என்றேன். (எனக்கு டாக்டர் குறைக்கச் சொல்லியிருக்கிறார் என்பது வேறு விஷயம்.)

முதலில் எழுந்தது ரெக்சலின் டீச்சர். “நானும் அந்தக் கட்டத்த எழுத மாட்டேன்” என்றார். பிறகு கயத்தாற்றிலிருந்து வரும் இரண்டு பேர். பிறகு, என்னோடு பேசாமல் இருந்த மூன்று பேரில் ஒருவர்.

தளவாய் சார் தூரத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். கைகழுவும் இடத்தில் என்னைப் பார்த்துச் சொன்னார்: “டீச்சர், இந்தக் கீ வந்த அன்னைக்கே எனக்குத் தெரியும் இது தப்புன்னு. முப்பத்தி நாலு வருசம் பாடம் நடத்திருக்கேன்லா.”

“பெறகு ஏன் சார் சும்மா இருந்தீங்க?”

“எதுக்குக் கேக்கணும்? வருசா வருசம் ஏதாவது ஒண்ணு இப்டி வரும். நாம கீ-ய வச்சுப் போட்டுட்டுப் போயிருவோம்.”

தெரியாதவரோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். தெரிந்தவராம்! தெரியாதவர் மேல் வந்த கோபத்தைவிட இது பத்து மடங்கு. ஆனால் ஒன்று, அவர் அப்போதே முகாம் அலுவலரின் அறைக்குப் போய் மேலிடத்துக்குப் போன் போட்டார். வெளியே வந்தபோது அவர் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. “எழுதி அனுப்பச் சொல்லுதாங்க. நீங்க எழுதுங்க, நான் மொதக் கையெழுத்துப் போடுதேன்” என்றார்.

எழுதினேன். ஒன்றரைப் பக்கம்.

ஏப்ரல் 12

பதில் இல்லை. மற்றக் கேள்விகளைத் திருத்தி, முப்பத்து மூன்றை விட்டு வைக்கிறோம். முகாம் அலுவலர் ஒவ்வொரு மணிக்கும் வந்து, முறைத்துவிட்டுப் போகிறார். நடவடிக்கை எடுக்க வேண்டியிருக்கும் என்கிறார். எடுக்கட்டும்.

ஏப்ரல் 14

சித்திரை முதல் நாள், முகாம் விடுமுறை. வடை சுட்டேன், பாயசம் வைத்தேன். சுடர் கூடத்துக்கு வந்து உட்கார்ந்தாள். இதுதான் சமயம் என்று நடந்ததையெல்லாம் சொன்னேன். மரத்தடியில் எழுந்து நின்றது, ரெக்சலின் டீச்சர், தளவாய் சார், எல்லாம். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அவள் முகம் சுருங்கிக்கொண்டே போனது.

“யம்மா, இது ஒனக்குத் தேவையா? வேலைக்கு ஏதாவது வந்துரும்” என்றாள்.

“வந்தா வரட்டும். சரியா எழுதுன புள்ள தோக்கக் கூடாது.”

அவள் பாயசத்தை வைத்துவிட்டு உள்ளே போனாள். மின்வாரியத்தில் எத்தனையோ பேருடைய கோபத்தைப் பார்த்துப் பழகியவர் என் வீட்டுக்காரர். செய்தித்தாளைத் தாழ்த்தாமலே கேட்டார்: “அவ என்ன எழுதிருக்கான்னு கேட்டியா?”

கேட்பதற்கு என்ன இருக்கிறது? பதினொன்றாம் வகுப்பிலிருந்து இந்த மேசையில் வைத்து நான் சொல்லிக் கொடுத்த பாடம். என் மகள் வேறு என்ன எழுதியிருப்பாள்? சில சமயம் இவர் கேட்கிற கேள்விகளுக்கும் விடைக்குறிப்பு தப்பாகத்தான் இருக்கிறது.

ஏப்ரல் 15

வந்துவிட்டது. காலை பதினொரு மணி இருக்கும். தளவாய் சார் நடுவில் நின்று வாசித்தார். ‘வினா எண் 33: எழுத முயன்றிருந்தாலே முழு மதிப்பெண் வழங்கவும்.’

எல்லாரும் கைதட்டினார்கள். ரெக்சலின் டீச்சர் என் தோளைப் பிடித்துக் குலுக்கினார். எனக்கு முதலில் புரியவே இல்லை. எழுத முயன்றிருந்தால் என்றால்?

“கேள்வி நம்பர் போட்டிருந்தாப் போதும் டீச்சர். கீழ என்ன இருந்தாலும் மூணு” என்றார் தளவாய் சார். “செயிச்சிட்டீங்க.”

இது செயிப்பா? கேள்வி தப்பு என்று எங்கேயாவது ஒரு வார்த்தை இருக்கிறதா? விடைக்குறிப்பு தப்பு என்று இருக்கிறதா? ஒன்றும் இல்லை. எல்லார் வாயிலும் மிட்டாயைப் போட்டு அடைத்துவிட்டார்கள். ஒரு பிள்ளை ‘33’ என்று எழுதி, கீழே கேள்வியையே திரும்ப எழுதி வைத்திருக்கிறது, அதற்கு மூன்று. ‘M என்றால் மெக்னீசியம்’ என்று ஆங்கில எழுத்தை வைத்தே முடிவுகட்டியதற்கும் மூன்று. துத்தநாகம், இரும்பு, தாமிரம் என்று வரிசையாக யோசித்து எழுதிய கோணல் கையெழுத்துக்கும் அதே மூன்று. யோசித்தது வீண் என்று அந்தப் பிள்ளையின் தலையில் அடித்துச் சொல்கிற மாதிரி இல்லையா இது? வாய்விட்டே சொன்னேன். ரெக்சலின் டீச்சர், “ஏதோ, யாருக்கும் நட்டமில்லல்லா, விடுங்க” என்றார்.

விட்டேன். சாயங்காலம் பஸ்ஸில் வரும்போது விட்டுவிட்டேன். மூன்று மதிப்பெண் வந்துவிட்டது, சுடர் இனிமேலாவது சாப்பிடுவாள் என்று தோன்றியது. ஆம், அவளுக்காகவும்தான். எழுதிவிட்டேன், போதுமா? பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் அவளுக்குப் பிடித்த பொரித்த பரோட்டா வாங்கிக்கொண்டேன்.

“சுடரு, ஒனக்கு மூணு மார்க் வந்திருச்சு. நீ எழுதுன பதிலுக்கு முழுசும் உண்டு” என்றேன் வாசலிலேயே.

அவள் பரோட்டாப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு நின்றாள். பிரிக்கவில்லை.

“யம்மா. நான் ரெண்டாம் தொகுதின்னுதான் எழுதிருக்கேன்.”

செய்தித்தாள் தாழ்ந்தது.

“மொதல்ல நீ சொன்னதத்தான் எழுதினேன். எழுதிட்டு அடிச்சிட்டேன். அடிச்சிட்டு ரெண்டாம் தொகுதின்னு எழுதினேன்.”

“ஏம்ட்டி? நான் சொன்னது தப்புன்னு நெனைச்சியா?”

“இல்லம்மா. நீ சொன்னது சரின்னு எனக்குத் தெரியும்.” அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். “ஆனா பேப்பரு ஒங்கிட்டயா வரும்? எவங்கிட்டயோ போகும். அவன் கீ-ய வச்சுதான திருத்துவான்? கீ-ல ரெண்டாம் தொகுதின்னுதான் இருக்கும்னு எனக்குக் கேள்வியப் படிக்கும்போதே தெரிஞ்சிருச்சு.”

“என்னத்துக்கு இவ்ளோ நாளா சொல்லல?”

“லாயக்கில்லன்னு நீ கத்தும்போது எப்டிச் சொல்ல?”

எனக்குக் கோபம் வந்தது, அளவில்லாமல் வந்தது. இவளைத் திட்ட வாயெடுத்தேன், எதற்கென்று திட்ட? பொய் சொன்னாளா? இல்லை. புரியாமல் எழுதினாளா? அதுவும் இல்லை. எங்களைப் புரிந்துகொண்டு எழுதியிருக்கிறாள். முகாமில் உட்கார்ந்திருக்கும் நாங்கள் எந்த மாதிரி ஆட்கள் என்று பதினேழு வயதில் ஒரு பெண் ஒரே நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டாள், அது சரியாகவும் இருந்தது. முகாமில் நான் கத்தாமல் இருந்திருந்தால், அந்தத் தப்பு விடைக்குறிப்பின்படியே அவளுக்கு மூன்று மதிப்பெண் என்றைக்கோ வந்திருக்கும்.

“சாப்பிடு. ஆறிரும்” என்றேன். சாப்பிட்டாள். எனக்கும் பிட்டுக் கொடுத்தாள், வாங்கிக்கொண்டேன்.

ஏப்ரல் 16

வெறுமனே விட்டிருந்த கட்டங்களையெல்லாம் இன்று நிரப்பினேன். மூன்று, மூன்று, மூன்று. தளவாய் சார் இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டுப் போனார். என்ன டீச்சர் சத்தத்தையே காணோம் என்றார். கை வலிக்கிறது சார் என்றேன்.

மத்தியானம் வந்த கட்டுக்குள் ஒரு தாள். எந்த மாவட்டமோ, ஆணோ பெண்ணோ தெரியாது. ‘33. உறுதியாகக் கூற முடியாது. ஏனெனில் இடைநிலைத் தனிமங்களும்’ என்று தொடங்கி, பாதி வாக்கியத்தில் நிறுத்தி, ஸ்கேல் வைத்து நேராக அடித்திருந்தது. அதன் கீழே அழகான எழுத்தில் ‘இரண்டாம் தொகுதி’.

எத்தனை ஊரில் எத்தனை சுடர்கள் இப்படி ஸ்கேலை எடுத்தார்களோ, எனக்குத் தெரியாது. விடைக்கு நேராக மதிப்பெண் போட வேண்டும் என்பது விதி. அடித்ததைத் திருத்தக்கூடாது என்பதும் விதிதான். சிவப்புப் பேனாவை எடுத்து, அடித்திருந்த அந்த வரிக்கு நேராக மூன்று போட்டேன். சரிபார்க்கிறவர் கேட்கட்டும், பதில் சொல்லிக்கொள்கிறேன்.